பாடிக்கொண்டே கோடு தாண்டியவர்கள்



பொங்கலை ஒட்டிச் சபை வளாகத்தில் கபடிப் போட்டி ஒன்று நடத்த வேண்டும் என்று நம் வாலிபர் ஐக்கியத்தார் இம்முறை விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். போட்டிக்கு முன்பாகத் தப்பட்டை முழங்க வேண்டும் என்பதும் அந்த விண்ணப்பத்தில் உண்டு. சபை மூப்பர்களில் சிலர், “திருச்சபைக்கும் கபடிக்கும் என்ன தொடர்பு? தப்பட்டைக்கும் ஆலயத்துக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டார்கள். நேர்மையான கேள்விகள் அவை. ஒரு கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்கத்தக்கவையல்ல. ஆகவே இவ்வாரத் தியானத்தையே அவற்றுக்கு விடையாக எழுதத் துணிந்தேன். என் சிறுவயதில் நான் உயிராக நேசித்த ஊர்க் கபடிக் குழுவைப் பற்றியும், அதன் இசையைப் பற்றியும் சொல்லாமல் இந்த விடையைச் சொல்ல இயலாது. பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது. உலகில் பந்தை அடிக்கிற, உதைக்கிற, எறிகிற ஆட்டங்கள் பல உண்டு. எதிரணியின் எல்லைக்குள் பாடிக்கொண்டே நுழைய வேண்டும் என்று விதி வகுத்திருப்பது நம் கபடி. வங்காளத்தில் இதன் பெயர் ஹாடுடு, மகாராட்டிரத்தில் ஹுதுது, நம் பாட்டன்மார் சடுகுடு என்றார்கள். கபடி என்ற பெயரே ‘கைப்பிடி’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வாரும் உண்டு. ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் பாட்டு மாறவில்லை. கோடு தாண்டிச் செல்கிறவரை நம் ஊர்களில் ‘பாடி வருபவர்’ என்றே அழைத்தார்கள். இன்றைய பிள்ளைகள் ‘ரைடர்’ என்கிறார்கள். பழைய சொல்லில் இருந்த இசை புதிய சொல்லில் இல்லை.

விதி எளிமையானது. களத்தில் அணிக்கு ஏழு பேர். ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுவில் ஒரு கோடு. பாடி வருபவர் ‘கபடி, கபடி’ என்று இடைவிடாமல் ஒரே மூச்சில் உரக்கச் சொல்லிக்கொண்டு அக்கோட்டைத் தாண்டி, எதிரணியில் ஒருவரையேனும் தொட்டுவிட்டு, மூச்சு அறுமுன் தன் பக்கம் திரும்ப வேண்டும். தொடப்பட்டவர் வெளியேறுவார். பாடியவரைத் திரும்பவிடாமல் அவர்கள் பிடித்துவிட்டால் அவர் வெளியேறுவார். பாட்டு அறுந்தால் முறை போயிற்று. இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொரு விதி உண்டு. எதிரணியில் ஒருவர் வெளியேறும்போது, முன்பே வெளியேறி ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர், வெளியேறிய வரிசைப்படி, உயிர் பெற்று மீண்டும் களத்துக்கு வருவார்.

பழங்காலத்தில் இந்த ஆட்டம் மூன்று வகையாக ஆடப்பட்டது. ‘அமர்’ என்ற வகையில் தொடப்பட்டவரும் வெளியேறுவதில்லை. ‘காமினி’ என்ற வகையில் வெளியேறியவர், அணி முழுவதும் வீழும் வரை திரும்புவதில்லை. ‘சஞ்சீவனி’ என்ற வகையில் மட்டும் வீழ்ந்தவர் மீண்டும் எழுகிறார். இன்று உலகம் ஆடுவது அந்தச் சஞ்சீவனி முறையைத் தழுவிய கபடியையே. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து சென்ற குழுவினர் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினார்கள். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இது பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. இந்தியா தங்கம் வென்றது. 2014இல் புரோ கபடி லீக் தொடங்கிற்று. 2017இல் தமிழ் தலைவாஸ் அணி வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போகும் குழுவை அவர்கள் அறியமாட்டார்கள்.

நான் சொல்வது 1980களின் முற்பகுதி. நாமக்கல் அப்போது தனி மாவட்டமாகவில்லை. 1997 வரை அது சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. திருச்செங்கோட்டுக்கும் இராசிபுரத்துக்கும் இடைப்பட்ட சமவெளியில் எங்கள் ஊர். மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் விளையும் மேட்டு நிலம். கிழக்கே கொல்லிமலை நீலமாகத் தெரியும். காற்று திரும்பினால் ஜவ்வரிசி ஆலையிலிருந்து கிழங்குப் பால் புளித்த வாடை வரும். சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடும். என் தந்தையார் அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியர்.

அறுவடை முடிந்த காட்டில் ஒரு மூலையை ஊரார் எங்கள் குழுவுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். தை பிறக்குமுன் அந்த மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பால் கோடு போடுவார்கள். கல் பொறுக்குவது சிறுவர்களாகிய எங்களுடைய ஊழியம். குழுவிலிருந்தவர்கள் எல்லாரும் உழைக்கிறவர்கள். ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற ஒருவர், விசைத்தறி ஓட்டுகிற இருவர், லாரிப் பட்டறையில் தச்சு வேலை செய்கிற ஒருவர், பண்ணையம் பார்க்கிற சிலர். மூட்டை தூக்குகிறவரே அணித் தலைவர். நாங்கள் அவரைத் தலைவரண்ணன் என்போம். என் தந்தையார் புள்ளிக் கணக்கு எழுதுவார். அதனால் வெளியூர்ப் போட்டிகளுக்கு லாரியில் ஏறிச் செல்லும் பேறு எனக்கும் கிடைத்தது. வென்றால் ஒரு சுழற்கோப்பை, சில ஊர்களில் ஓர் ஆட்டுக்கிடாய். தோற்றால் வழியெல்லாம் யாரும் பேசமாட்டார்கள்.

அந்தக் குழுவுக்கு மூன்று இசைகள் இருந்தன. முதலாவது ரேடியோ செட். பந்தயத் திடலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் மாலை முதல் திரைப்படப் பாடல்கள் ஒலிக்கும். நடுவே அணிகளின் பெயர் அறிவிப்பார்கள். இரண்டாவது தப்பட்டை. எங்கள் குழு எந்த ஊருக்குப் போனாலும் அதோடு நான்கு தப்பட்டைக்காரர்கள் வருவார்கள். லாரியிலிருந்து இறங்கியதும் சோளத்தட்டைக் கொளுத்தி, அந்த அனலில் தோலைக் காய்ச்சி விறைப்பேற்றுவார்கள். ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சி, மறு கையில் தடித்த குறுங்குச்சி. அணி திடலைச் சுற்றி வரும்போது ஓர் அடி. பாடி வருபவர் கோட்டை நெருங்கும்போது வேறோர் அடி. ஒருவர் உயிர் பெற்று எழும்போது அதற்கென்று ஓர் அடி. எங்கள் பிள்ளைப் பருவத்து நெஞ்சத் துடிப்பே அந்த அடிகளால் ஆனதுதான். மூன்றாவது இசை, பாடி வருபவரின் மூச்சு. அது ஒலிபெருக்கியில் வராது. கோட்டருகே குந்தியிருந்த சிறுவர்களுக்கு மட்டும் கேட்கும்.

இந்த மூன்றில் இரண்டாம் இசையை வாசித்தவர்கள் அருந்ததியர். ஊருக்கு மேற்கே, சாலையைத் தாண்டிய காலனியில் அவர்கள் வாழ்ந்தார்கள். திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்பட்டை அடித்தவர்கள் அவர்களே. கபடிக் களத்தின் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்று அவர்கள் அடிப்பார்கள். கோட்டுக்குள் அவர்கள் வந்ததில்லை. இது எங்கும் எழுதிவைத்த விதியன்று. எழுதாமலே எல்லாரும் அறிந்த விதி.

அதன் கொடுமையை நான் ஒரு சொல்லில் உணர்ந்தேன். நம் கொங்குத் தமிழின் அழகே அதன் ‘ங்க’ தான். வாங்க, போங்க, ஏனுங்க என்று மூன்று வயதுப் பிள்ளையையும் மரியாதையாக அழைக்கிற நாடு இது. அந்த ‘ங்க’ சாலையைத் தாண்டிக் காலனிக்குள் போகவில்லை. அறுபது வயதுத் தப்பட்டைக்காரரை இருபது வயது இளைஞன் ‘வா, போ’ என்பான். அவரோ அவனைச் ‘சாமி’ என்பார். அந்த ஓர் எழுத்தின் இன்மையில் ஒரு முழுச் சுவர் நின்றது.

என் நினைவிலிருந்து அகலாத போட்டி ஒன்று உண்டு. ஒரு பொங்கலுக்கு மறுநாள், இராசிபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் மின்னொளிப் போட்டி. எங்கள் அணியில் ஒன்பது பேர் சென்றிருந்தார்கள். இரண்டாம் ஆட்டத்திலேயே ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. இன்னொருவருக்குக் கணுக்கால் பிசகிற்று. மூன்றாம் ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் மற்றொருவரும் நொண்டிக்கொண்டு வெளியே வந்தார். எஞ்சியவர்கள் ஆறு பேர்.

மூத்த தப்பட்டைக்காரருக்குப் பதினெட்டு வயதில் ஒரு மகன் இருந்தார். தந்தையோடு அவரும் தப்பட்டை அடிக்க வந்திருந்தார். பல ஆண்டுகளாகக் கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வோர் ஆட்டத்தையும் பார்த்தவர். யார் எந்தக் காலை முன்வைத்துப் பாய்வார், யாருடைய மூச்சு எத்தனை அடியில் தளரும் என்பதெல்லாம் அவருக்குத் தாளமாகவே தெரியும். காலனிப் பிள்ளைகளோடு ஓடை மணலில் அவர் ஆடுவதைத் தலைவரண்ணன் கண்டிருக்கிறார்.

தலைவரண்ணன் திடலின் ஓரத்துக்கு நடந்துபோய் அந்தத் தந்தையின் முன் நின்றார். “ஏனுங்க, உங்க பையனைக் கொஞ்சம் அனுப்புங்க” என்றார்.

நான் அருகில் இருந்தேன். அந்த ‘ங்க’ என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். குச்சி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

“வேண்டாங்க சாமி. ஊருல வம்பாயிருமுங்க.”

“நான் பாத்துக்கறனுங்க.”

என் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. பேனாவைத் திறந்து, ஆட்டக்காரர் பட்டியலில் பத்தாவது பெயராக அந்த இளைஞரின் பெயரை எழுதினார்.

எதிரணித் தலைவர் நடுவரிடம் ஓடினார். சாதியின் பெயரை அவர் சொல்லவில்லை. “இவன் மேளக்காரனுங்க. ஆட்டக்காரன் இல்லீங்க” என்றார். நடுவர் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். கபடியில், ஆடுகிறவர்களின் நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் பூசியிருக்கக் கூடாது என்று விதி உண்டு. அவர் அந்த இளைஞரை அழைத்து, பத்து விரல்களையும் தம் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார். “நகம் வெட்டியிருக்குது. எண்ணெயும் இல்லை. ஆடலாம்” என்று சொல்லி விசில் ஊதினார். அன்று அந்தத் திடலில் அவரை முதலில் தொட்டவை அந்த நடுவரின் கைகள்.

சிறிது நேரத்தில் தலைவரண்ணன் பிடிபட்டு வெளியே உட்கார்ந்தார். அடுத்துப் பாட அந்த இளைஞர் சென்றார். அவர் தந்தையின் தப்பட்டை நின்றுபோயிற்று. மகனுக்காக அடிக்க அவருக்குக் கை எழவில்லை. மற்ற மூவரும் நிறுத்தினார்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரு மனிதருடைய மூச்சு மட்டும் கேட்டது. கபடி, கபடி, கபடி. கோட்டைத் தாண்டினார். இடப்பக்கம் இருந்தவரைத் தொட்டார். அவரைப் பிடிக்க இருவர் கை நீட்டினார்கள். நீட்டிய கைகள் ஒரு கணம் தயங்கின. அந்த ஒரு கணத்துக்குள் இன்னொருவரையும் தொட்டுவிட்டு அவர் திரும்பிவிட்டார். தொடத் தயங்கியவர்கள் இரண்டு புள்ளி இழந்தார்கள். அந்தத் தொடுகையால் எங்கள் தலைவரண்ணன் உயிர் பெற்று எழுந்தார். அப்போதுதான் தப்பட்டை மீண்டும் முழங்கிற்று.

மறுமுறை அவர் பாடப் போனபோது எதிரணியினர் தயங்கவில்லை. நான்கு பேர் ஒருசேரப் பாய்ந்து, இடுப்பையும் தொடையையும் கட்டிப் பிடித்து மண்ணில் உருண்டார்கள். எழுந்தபோது எவர் வியர்வை எவர்மேல் இருக்கிறதென்று பிரித்தறிய முடியவில்லை. என் தந்தையார் கணக்கில் அது எதிரணிக்கு ஒரு புள்ளி. பின்னாளில் அவர் பலமுறை சொன்னதுண்டு: “அன்றைக்கு நாம் வென்ற இடம் அதுதான். அவரை அவர்கள் பிடித்தார்கள் பார், அங்கேதான்.”

அந்த ஆட்டத்தில் மூன்று புள்ளியில் தோற்றோம். நள்ளிரவுக்குப் பின் திடலோரத்துத் தேநீர்க் கடைக்குச் சென்றோம். எங்களுக்கெல்லாம் கண்ணாடித் தம்ளர் வந்தது. தப்பட்டைக்காரர்களுக்கும் அந்த இளைஞருக்கும் கூரையில் செருகியிருந்த கொட்டாங்குச்சிகளைக் கடைக்காரர் எடுத்தார். “எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுங்க” என்றார் தலைவரண்ணன். கடைக்காரர் முடியாது என்றார். தலைவரண்ணன் தம் தம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு நடந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வைத்துவிட்டு நடந்தார்கள். திரும்பும் வழியில் ஒரு தோட்டத்தில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. லாரியை நிறுத்தி, அந்தக் குழாயில் விழுந்த தண்ணீரை எல்லாரும் கையேந்திக் குடித்தோம்.

கதை அங்கே முடிந்திருந்தால் கேட்க இனிமையாக இருந்திருக்கும். செய்தி எங்களுக்கு முன்பே ஊருக்குப் போயிருந்தது. அடுத்த ஆண்டு குழுவுக்கு யாரும் நன்கொடை தரவில்லை. காட்டுமூலையில் கடலை விதைத்துவிட்டார்கள். லாரி கிடைக்கவில்லை. தலைவரண்ணனைத் தனியே அழைத்து, அந்த இளைஞரை விட்டுவிட்டு ஆடினால் எல்லாம் பழையபடி நடக்கும் என்று சொன்னார்கள். அவர் சம்மதிக்கவில்லை. எங்கள் குழு அத்தோடு கலைந்தது. தப்பட்டைக்காரரின் குடும்பம் சில ஆண்டுகளில் ஊரைவிட்டுச் சென்றது. அந்த இளைஞர் லாரி ஓட்டுநரானார் என்று கேள்விப்பட்டேன். நான் நேசித்த குழுவை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் அதை ஓர் இழப்பாகவே நினைத்து வருந்தினேன்.

பிரியமானவர்களே, இதைத் திருமறையின் வெளிச்சத்தில் சிந்திப்போம்.

எருசலேமில் ஏரோது விரிவாக்கிக் கட்டிய தேவாலயத்தில், புறவினத்தார் நிற்கலாகிய வெளிப் பிராகாரத்துக்கும் உட்பகுதிக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் தடுப்பு இருந்தது. அதைத் தாண்டுகிற புறவினத்தான் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்ற பொருளில் கிரேக்க மொழியில் எழுதிய எச்சரிக்கைக் கற்கள் அங்கே பதிக்கப்பட்டிருந்தன. அக்கற்களில் ஒன்று 1871இல் கண்டெடுக்கப்பட்டது. இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பவுலடியார் எபேசியனாகிய துரோப்பீமுவை அந்தத் தடுப்புக்கு உள்ளே அழைத்துச் சென்றார் என்று எண்ணியே எருசலேமில் கலகம் மூண்டது என்று அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பகையாக நின்ற நடுச்சுவரைக் கிறிஸ்து தம் சரீரத்தால் தகர்த்தார் என்று எபேசியர் நிருபம் பேசும்போது, அந்தக் கல் தடுப்பை அறிந்த வாசகர்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் தொழுநோயாளர் ஒருவர் ஆண்டவரிடம் வருகிறார். சொல்லினாலேயே சுகமாக்க வல்லவர் நம் ஆண்டவர். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனை அவ்வாறே சுகமாக்கினார். இங்கோ கையை நீட்டித் தொடுகிறார். தொட்ட பிறகு நடந்ததைக் கவனியுங்கள். தொழுநோயாளர் ஊருக்குள் போகிறார். ஆண்டவரோ வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் போகக்கூடாமல் வெளியே தனித்த இடங்களில் தங்குகிறார். வெளியே இருந்தவர் உள்ளே வந்தார். உள்ளே இருந்தவர் வெளியே சென்றார். தொடுகைக்கு ஒரு விலை உண்டு என்பதை நற்செய்தியாளர் மறைக்கவில்லை. எங்கள் தலைவரண்ணன் கிறிஸ்தவரல்லர். ஆயினும் அந்த அதிகாரத்தை நான் பிரசங்கிக்கும்போதெல்லாம், கடலை விதைத்த அந்தக் காட்டுமூலை என் கண்முன் வருகிறது. கலைந்த குழுவை இழப்பென்று மட்டும் எண்ணியிருந்தவன், விலை கொடுத்த குழு என்று எண்ணக் கற்றது அங்கேதான்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தீண்டாமையை ஒழித்த நம் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950இல். அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியதும் அதே 1950இல். இந்த நாட்டுக்குத் தொடுதலைப் பற்றி ஒரு சட்டமும், தொடுதலைப் பற்றி ஓர் ஆட்டமும் ஒரே ஆண்டில் ஒழுங்குபெற்றன. சட்டம் தண்டிக்கும் என்ற அச்சத்தால் மனிதர் தள்ளி நிற்கப் பழகலாம். கட்டிப் பிடிக்கப் பழகுவதற்கு ஒரு களம் வேண்டும். திருச்சபை அப்படிப்பட்ட களமாயிருக்கும்படி அழைக்கப்பட்டிருக்கிறது. நாம் அப்படி இருக்கிறோமா? தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களிலும் சாதிச் சுவர்கள் எழுந்ததை அறிவோம். கிறிஸ்தவ இதழ்களின் திருமண விளம்பரங்களில் ஞானஸ்நானப் பெயருக்கு அடுத்தபடியாக எது இருக்கிறது என்பதையும் அறிவோம்.

தப்பட்டையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அருள்திரு தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரால் அறியப்பட்டவர், 2005இல் காலமானார். சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்ட பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அவர். நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறை அமைத்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கி உண்பதே திருவிருந்தின் பொருள் என்று போதித்தார். ஆர்கனும் கிற்றாரும் நம் ஆலயத்துக்குள் வருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 150ஆம் சங்கீதத்தில் தம்புருவும் கைத்தாளமும் இருக்கின்றன. தோற்கருவியைத் தேவன் வெறுத்ததாக நான் எங்கும் வாசிக்கவில்லை. தோலுக்கு இருக்கிற மறுப்பு, அதை வாசிக்கிற கையின்மேல் இருக்கிற மறுப்பா என்று ஒவ்வொருவரும் ஜெபத்தோடு தம்மையே கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

நம் பாடகர் குழு ஞாயிறுதோறும் அருமையாகப் பாடுகிறது. நானும் மகிழ்கிறேன். ஆனால் கபடியில், தன் பக்கத்திலேயே நின்று எத்தனை இனிமையாகப் பாடினாலும் ஒரு புள்ளியும் கிடைக்காது. பாட்டு கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டிப் போய் மனிதரைத் தொட வேண்டும். அந்தத் தொடுகையால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுந்திருக்க வேண்டும். அதற்கு நமக்கிருப்பது ஒரே மூச்சு. ஆதியாகமத்தில் மண்ணில் ஊதப்பட்ட மூச்சும், எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகளுக்குள் புகுந்த மூச்சும், உயிர்த்த ஆண்டவர் சீடர்மேல் ஊதிய மூச்சும் அதுவே. எபிரேயத்தில் ‘ரூவாக்’ என்றாலும் கிரேக்கத்தில் ‘நியூமா’ என்றாலும், மூச்சுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்தான்.

ஆகவே, அன்பான மூப்பர்களே, வாலிபரே, போட்டி நடக்கட்டும் என்பது என் விருப்பம். மூன்று வேண்டுகோள்களை மட்டும் முன்வைக்கிறேன். அணிகளைத் தெருவாரியாகப் பிரிக்க வேண்டாம். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். தப்பட்டை வாசிக்க வருகிற சகோதரர்களுக்கு உரிய கூலியைப் போட்டிக்கு முன்பே கொடுங்கள். அவர்களில் ஆட விரும்புகிறவர் எவரோ அவர் பெயரையும் சீட்டில் எழுதுங்கள். ஆட்டம் முடிந்தபின் ஒரே பந்தியில், ஒரே வரிசையில் அனைவரும் உட்கார்ந்து பொங்கல் உண்போம். பரிமாறுகிறவர்கள் மூப்பர்களாயிருக்கட்டும், உங்களோடு நானும் பரிமாறுகிறேன். வயதில் மூத்த எவரையும் அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் ‘வாங்க’ என்று அழைக்க நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்றுக்கொடுங்கள்.

இவ்வாரம் இந்த ஜெபத்தை வீட்டில் ஏறெடுங்கள்:

எங்கள் நடுவே வாசம்பண்ணும்படி எல்லை தாண்டி வந்த ஆண்டவரே, எங்கள் பாட்டுக்கு நடக்கக் கால்களைத் தாரும். நீட்டிய கை தயங்காதிருக்கக் கிருபை செய்யும். தொடுகையின் விலை எங்களிடம் கேட்கப்படும் நாளில், அதைக் கொடுக்க எங்களுக்குப் பெலன் தாரும். ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

உங்கள் ஆயர்